மாளிகை மடிப்பு

எங்கள் சுற்றுலாப் பேருந்து கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. ‘மாளிகை’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பழைய காலத்துப் பெரிய வீடுகளையும் அவற்றின் தோட்டங்களையும் பார்க்கப் போகிற கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவது அவர் வேலை. இருபத்தாறு வருடம் அதைத்தான் செய்தார். அவருடைய பதினாறாவது வருடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு அவர் அண்ணன். அவர் மனைவி அண்ணி.

அந்த வீடுகளை ஓட்டுநர்களாகிய நாங்கள் முதுகுப் பக்கமாகத்தான் அறிவோம். வண்டி நிறுத்துமிடம் எந்த வீட்டிலும் முன்வாசலில் இருக்காது. பின்னால், சமையற்கட்டுப் புகைபோக்கிக்குக் கீழே, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கும். எந்த மரத்து நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் சாயும், எந்தக் கழிப்பறையில் தண்ணீர் வரும் என்றெல்லாம் கேட்டால் தூக்கத்திலும் சொல்வோம். உள்ளே போனதில்லை. வண்டியை விட்டு நகரக்கூடாது என்பது கம்பெனி விதி. பயணிகளின் பைகள் எல்லாம் வண்டிக்குள்ளேதான் இருக்கும். ஒன்று காணாமல் போனாலும் வேலை போய்விடும்.

லீவு நாளில் போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆறு நாள் ஓட்டிய ரோட்டிலேயே ஏழாம் நாளும் போக எந்த டிரைவருக்கு மனசு வரும்? வீடு ஓடியா போகப் போகிறது? முந்நூறு வருடம் நின்றது இன்னும் ஒரு வருடம் நிற்காதா? இப்படிச் சொல்லிச் சொல்லியே எங்கள் தலை நரைத்தது.

அண்ணனின் பொய் கல்யாணமான புதிதில் தொடங்கியது. அன்று ஒரு பயணி சீட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டார். அண்ணன் இரண்டு மணி நேரம் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி கண்ணை விரித்துக் கேட்டாளாம்: “உள்ள எப்படிங்க இருந்துச்சு?”

“புதுப் பொண்டாட்டிகிட்ட வாந்தி கழுவினேன்னா சொல்ல முடியும், தம்பி?” என்றார் என்னிடம் ஒருமுறை. திரும்பி வரும்போது முன்சீட்டுப் பெண்கள் இருவர் ஏதோ மாடிப்படியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த மாடிப்படியில் தானே ஏறிப் பார்த்ததாக அண்ணியிடம் சொன்னார். அண்ணி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். புலிவாலைப் பிடித்த கதை. அதற்கப்புறம் விட முடியவில்லை.

அண்ணிக்குத் திரைச்சீலை தைக்கிற தொழில். கடைக்காரர் துணியைக் கொடுத்தனுப்புவார், வீட்டிலேயே தைத்துக் கொடுப்பாள். வலது முழங்கால் சின்ன வயதிலேயே கெட்டுப்போனது. மூன்றாவது மாடியில் குடியிருப்பு, லிஃப்ட் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை கீழே இறங்கினால் பெரிது. அவள் உலகத்தைப் பார்த்ததெல்லாம் அண்ணன் வாய் வழியாகத்தான். அதிலும் அவளுக்குத் திரைச்சீலைதான் முக்கியம்.

“கட்டில் கெடக்கட்டும். ஜன்னல்ல திரை எப்படி மடிச்சிருந்துச்சு? ஒத்தை மடிப்பா, ரெட்டையா?”

பாவம், அண்ணனுக்கு எங்கே தெரியும்? மறுநாள் பயணிகளிடம் விசாரிப்பார். “அம்மா, அந்தப் படுக்கையறையில திரை என்ன மடிப்புன்னு கவனிச்சீங்களா?” என்று ஒரு டிரைவர் கேட்டால் யாருக்குத்தான் திகைப்பாக இருக்காது? சிலர் சிரிப்பார்கள். சிலர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். குளத்து வீடு என்று நாங்கள் சொல்கிற பெரிய வீடு ஒன்று உண்டு. அங்கே போய்வந்த ஒரு அம்மா மட்டும் மூன்று விரலைச் சேர்த்து மடக்கிக் காட்டி, “இப்படி மூணு மூணா மடிப்பு, நடுவுல ஒரு கட்டு” என்றாராம். அண்ணன் அதை வீட்டில் சொன்னார். அண்ணி அதேபோல் ஒரு திரை தைத்துக் கடைக்கு அனுப்பினாள். கடைக்காரர் அதற்கு ‘மாளிகை மடிப்பு’ என்று பெயர் வைத்து விற்றார். நன்றாக ஓடியது. ‘குளத்து வீட்டு ஜன்னலில் தொங்குவதை என் வீட்டுக்காரர் பார்த்துவந்து சொன்னது’ என்று அண்ணி எல்லாரிடமும் சொல்வாள். எங்கள் வீட்டுக் கூடத்தில்கூட அந்த மடிப்புதான். விஷயம் தெரிந்தும் நான் வாய் திறந்ததில்லை.

சர்க்கரை அண்ணனின் கண்ணில் கைவைத்தது. விழித்திரையில் ரத்தக் கசிவு என்றார் டாக்டர். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை உண்டு. அண்ணன் வரிசையில் முன்னால் நின்றவர் படித்த எழுத்துகளைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு வந்தார். அடுத்த தடவையும் அப்படியே. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நாற்பது பேர் உயிரைப் பின்னால் வைத்துக்கொண்டு செய்த காரியம் அது. நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, ஒரு மழை நாளில் ஒரு வீட்டின் வாசல் தூணில் வண்டியை உரசினார். தூண்மேல் இருந்த கல் சிங்கத்தின் காது உடைந்து விழுந்தது. விசாரணை வந்தது. இந்தத் தடவை டாக்டர் வேறு எழுத்துப் பலகையை மாட்டினார். அண்ணன் பழைய எழுத்துகளையே ஒப்பித்தார்.

மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மேனேஜரிடம் பேசி, குளத்து வீட்டுப் பயணத்தில் இரண்டு சீட் இலவசமாக வாங்கினேன். அண்ணியையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய்வரட்டும் என்று நினைத்தேன்.

“வேண்டாம் தம்பி, அவளுக்குக் கால் முடியாது” என்றார் அண்ணன்.

“யாரு சொன்னது? நான் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கிடுவேன்” என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. “இருபத்தாறு வருஷமா கேட்டதை ஒரு நாளாவது கண்ணால பார்க்கிறேனே!”

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரிந்தும், “அட வாங்கண்ணே, என்ன ஆகிடப் போவுது?” என்றேன். இன்றைக்கும் அந்த வார்த்தை என் நாக்கில் கசக்கிறது.

அண்ணி படிகளில் இறங்க அரைமணி நேரம் ஆனது. புதுச் சேலை, புதுச் செருப்பு. வண்டியில் பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம், “இவருக்கு அந்த வீடு தலைகீழ்ப் பாடம்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அவர்களை முன்வாசலில் இறக்கிவிட்டுப் பின்பக்கம் போய் வண்டியை நிறுத்தினேன். உள்ளே நடந்தது அண்ணி பிறகு சொல்லி எனக்குத் தெரிந்தது.

அந்த வீட்டின் அறைகள் இருட்டு. வெளிச்சம் பட்டால் பழைய துணிகளின் நிறம் போய்விடும் என்று ஜன்னல்களை அடைத்து மூலைக்கு ஒரு மங்கல் விளக்கு வைத்திருக்கிறார்கள். நல்ல கண்ணுக்கே பழக ஐந்து நிமிடம் ஆகும். அண்ணனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசற்படியில் கால் இடறி, அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“இதோ, இடது பக்கம் கட்டில் பாரு. சிவப்புப் பட்டு.”

“கட்டில் வலது பக்கம்ல இருக்கு? பச்சையா இருக்குங்க.”

“மாத்திப் போட்டிருப்பாங்க.”

அறையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி அவளிடம் போய், “ஏம்மா, இந்த ஜன்னல்ல மூணு மூணா மடிப்பு வச்ச திரை இருந்துச்சே, அதை எப்ப எடுத்தீங்க?” என்று கேட்டாள்.

“இங்கே திரையே கிடையாதும்மா. எப்பவுமே மரக்கதவுதான். பழைய படத்துல பார்த்தாலும் மரக்கதவுதான் இருக்கும்.”

“வேற ரூமா இருக்கும்” என்றார் அண்ணன்.

“இந்த வீட்டுல எந்த ரூம்லயும் திரை கிடையாதுங்க” என்றாள் அந்தப் பெண். அவளுக்கு வேலை தெரியும். அவள்மேல் தப்பில்லை. மூன்று விரலை மடக்கிக் காட்டிய அந்த அம்மா எந்த வீட்டு ஜன்னலை நினைத்துச் சொன்னாரோ.

அண்ணி அண்ணன் பக்கம் திரும்பினாள். மெதுவாகக் கேட்டாள்: “எத்தனை வீடு உள்ள போய்ப் பார்த்திருக்கீங்க?”

அண்ணன் அந்தப் பெண்ணிடம், “ஒரே ஒரு நிமிஷம் அந்த ஜன்னல் கதவைத் திறக்க முடியுமாம்மா? எனக்குக் கண்ணு சரியில்ல. ஒரு தடவை பார்த்துக்கிறேன்” என்றார்.

“மன்னிச்சிடுங்க ஐயா. திறக்க எனக்கு அனுமதியில்ல.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க” என்றாள் அண்ணி.

“ஒன்னுகூட இல்ல” என்றார்.

பயணிகள் எல்லாரும் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் அவர்கள் இருவரும் நொண்டியும் தடவியும் வருவதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. அண்ணியின் புதுச் செருப்பு கையில் இருந்தது. அவள் வண்டியில் ஏறிக் கடைசிச் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அண்ணன் என் பக்கத்திலேயே நின்றார்.

“தோட்டம் பார்க்கலையா அண்ணி?” என்றேன் அசட்டுத்தனமாக.

“உனக்கும் தெரியும்தானே, தம்பி?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“கதைன்னு சொல்லியிருந்தா கதையாவே கேட்டிருப்பேனே” என்றாள். “கடைக்காரர்கிட்ட, பக்கத்து வீட்டுல, எல்லார்கிட்டயும் என் புருஷன் பார்த்தாரு பார்த்தாருன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். என்னை எதுக்குப் பைத்தியக்காரியாக்கணும்?”

கீழேயிருந்து அண்ணன் சொன்னார்: “பார்க்கிங்ல உட்கார்ந்திருந்தேன்னு தினம் வந்து என்னத்தைச் சொல்றது?”

“அதைச் சொல்லியிருக்கலாம்.”

கூட்டம் திரும்பிவர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் வெளியே நின்றார், அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். நான் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அண்ணி வேளைக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், குளிக்க வெந்நீர் வைத்தாள். அவளாக அவரிடம் எதையும் கேட்பது மட்டும் நின்றுபோனது. கடைக்காரர் அந்த மடிப்பில் பத்துத் திரை கேட்டபோது, தனக்கு மறந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினாளாம். என் மனைவி எங்கள் வீட்டுத் திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். திரும்ப மாட்டவில்லை.

இரண்டு மாதத்தில் அண்ணனின் இடது கண் போனது. வலது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி போட்டார்கள். நானும் இரண்டு தடவை கூடப் போனேன். நாலாவது ஊசிக்குப் பிறகு டாக்டர், “இனிமே போட்டுப் பிரயோஜனமில்ல” என்றார். அண்ணன், “சரிங்க” என்று எழுந்துகொண்டார், கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரில் கைவைத்தார்.

போன வாரம் பார்க்கப் போனேன். முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளறையில் அண்ணியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னைக்கு எந்தப் பக்கம் ஓட்டின?” என்றார்.

“குளத்து வீட்டுக்குண்ணே.”

“கூட்டமா?”

“நல்ல கூட்டம்.”

மெஷின் நின்றது. அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். உதடு லேசாகத் திறந்தது. நூல் மாற்றத்தான் நிறுத்தியிருப்பாள் போலிருக்கிறது. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “வர்றேண்ணே” என்று எழுந்து வந்தேன்.