பழிவாங்கப் பிறந்த சூனியக்காரி

ஐம்பத்திரண்டு வயதில், நரைத்த மீசையோடு, 'பனிநிலா' என்ற பெண் பெயரில் செல்போன் செயலியில் மாயக் காதல் தொடர் எழுதுகிறேன். கள்ளக்குறிச்சியில் இது என் மனைவிக்கு மட்டுமே தெரியும்.

கல்வராயன் மலையில் இளவரசன் குதிரையில் பறந்து வரும் அத்தியாயத்துக்குக் கீழே, கரியாலூர் வாசகி ஒருத்தி கேட்டிருந்தாள்: "இன்னாக்கா இது? எங்க மலையில பஸ்ஸே முக்கிக்கினு ஏறுது, குதிரை எப்டிக்கா பறக்குது?" என் அத்தியாயத்தைவிட அந்தக் கேள்விக்கு லைக் ஜாஸ்தி.

விடுவேனா? அவளை ஒரு சூனியக்காரியாக்கிக் கதைக்குள் இழுத்துவந்தேன். இளவரசனுக்குச் செந்தமிழ் கொடுத்தேன். அவளை மட்டம் தட்டுவதற்காக வார்த்தைக்கு வார்த்தை 'இன்னா' போட்டேன். ஆறாவது வாரம் அருவியில் தள்ளிக் கொன்றுவிட்டு, நிம்மதியாக இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலத்துக்குள் வாசகிகள் கொதித்துவிட்டார்கள். "இப்பல்லாம் வில்லிதான்க்கா ஹீரோயின். உங்க இளவரசன் நியூஸ் வாசிக்கிறான். எங்க வூட்டுப் பொண்ணாட்டம் பேசுனது அவ ஒருத்திதான். எழுப்புங்க, இல்லன்னா படிக்க மாட்டோம்."

நானும் வீட்டில் 'இன்னா' என்றுதான் பேசுகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. காதலோடு நான் எழுதிய இளவரசன் பொம்மையாக நிற்க, வன்மத்தோடு எழுதிய சூனியக்காரி உயிரோடு நடமாடியிருக்கிறாள்.

தோல்வியை ஒப்புக்கொண்டு அவளை எழுப்பினேன். இளவரசனுக்கே கட்டியும் வைத்தேன். முதல் ஆளாகக் கரியாலூர்க்காரி எழுதினாள்:

"பாவம்க்கா அவ. அவனுக்குக் கட்டி வெக்கிறதுக்கு அருவியிலயே வுட்டிருக்கலாம்."