இரை போடாத கோழிகள்

"கோழிப்பண்ணை வீட்டுப் பொண்ணு முட்டையை எண்ணினா போதும்மா. புரதத்தை நாங்க எண்ணிக்கிறோம்."

சேலத்துக் கல்லூரியில் எம்.ஃபில். சேர்ந்த முதல் வாரமே என் வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னது இது. ஆய்வகமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் மறக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. என்னை ஒரு கேள்வி பேயாகப் பிடித்திருந்தது. பெட்டைக்கோழி முட்டையிடத் தயாராகும்போது அதன் ஈரல் செல்லுக்குள் எந்தெந்தப் புரதங்கள் சேர்ந்தே கூடுகின்றன, சேர்ந்தே குறைகின்றன? நாமக்கல் லாரி பாடி பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது புரியாத விஷயமே இல்லை. தச்சரும் வெல்டரும் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் காணாமல் போனால், கேட்காமலே சொல்லிவிடலாம், இரண்டு பேருக்கும் ஒரே வண்டியில் வேலை.

ஈரலை அரைத்து, ஜெல் என்கிற கூழ்ப்படலத்தில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் புரதங்கள் பட்டை பட்டையாகப் பிரியும். பட்டை எவ்வளவு கறுப்போ அவ்வளவு புரதம். ஒவ்வொரு பட்டையையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். கையால் கணக்குப் போட்டால் தலை நரைத்துவிடும். கல்லூரியில் கம்ப்யூட்டர் கிடையாது. நாமக்கல்லில் பெரியப்பா முறையுள்ள ஒருவரின் கோழித்தீவன ஆலையில் இருந்தது. மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் கருவாட்டுத்தூளையும் எந்த அளவில் கலந்தால் மலிவு என்று கண்டுபிடிக்க வாங்கி வைத்திருந்தார். ஏ.சி. அறை, திரைக்கு மேலே சந்தனம் குங்குமம், செருப்பு வாசலில்.

"ஏனுங்க பெரியப்பா, மத்தியானம் மெசினு சும்மாதானுங்களே இருக்குது?"

"இருக்குது அம்மணி. உன்ர கணக்கு என்ர தீவனத்துல கலந்துராதே?"

"கலக்காதுங்க."

"கலந்துச்சுன்னா கோழியெல்லாம் பி.எஸ்சி. முடிச்சுப்போட்டு முட்டை போடமாட்டேங்கும், பாத்துக்க."

புரோகிராமை நானே எழுதினேன். இரண்டு பட்டைகளை எடுத்து, ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறுகிறதா என்று பார்த்து ஒரு எண் தரும். ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டும் கூட்டாளி. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் யாரோ எவரோ. பிரிண்டர் கரகரவென்று கத்தி முடித்தபோது ஒரு சின்னக் கூட்டம் தனியாகத் தெரிந்தது. முட்டையின் மஞ்சள் கருவுக்குச் சரக்காகிற புரதம், கூடவே இன்னும் சில. சந்தோஷத்தில் கட்டிப்பிடிக்க ஆளில்லாமல் பிரிண்டரைத் தட்டிக்கொடுத்தேன்.

தாளைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். "ம்" என்று வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். பிறகு பண்ணைக்காரர்களுக்காக நாமக்கல்லில் நடக்கப்போகும் கருத்தரங்கின் அழைப்பிதழ் வந்தது. என் ஆய்வு. அவர் பெயர் மட்டும்.

"சார், என் பேரு இல்லீங்களே?"

"கம்ப்யூட்டர் பேரும்தான் இல்லை. அது வந்து கேட்டுச்சா?"

கட்டுரைக்கான படங்களை வரையும் வேலையை மட்டும் எனக்குக் கொடுத்தார். வரைய உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். கட்டுரை கனமாக இருக்கட்டும் என்று கிழட்டுக் கோழிகளையும் சேர்த்திருந்தார். என் இளங்கோழிகள் எங்கள் வீட்டுப் பண்ணையில் இரை தின்றுகொண்டிருந்தவை. அவருடையவை, கறிக்கு ஏற்றுகிற வியாபாரியிடம் மலிவாக வாங்கியவை. கறிக்கு ஏற்றும் கோழிக்கு முன்னதாகவே இரையை நிறுத்திவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் இதைத் தெரியாதவர் இல்லை. பட்டினி கிடக்கும் கோழியின் ஈரல் மஞ்சள் கருவுக்குச் சரக்கு செய்யாது. அவரோ, வயதாக ஆக இந்தக் கூட்டம் முழுக்கச் சேர்ந்து சரிகிறது, இதுவே செல்லின் கடிகாரம் என்று எழுதிவைத்திருந்தார். கரண்டு போன நாளில் பட்டறைக்கு யாரும் வரவில்லை என்பதற்காக எல்லாரும் கிழவர்களாகிவிட்டார்கள் என்று சொல்கிற மாதிரி.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படங்களை மிக அழகாக வரைந்து கொடுத்தேன். அப்புறம் எங்கள் பண்ணையிலேயே கிழட்டுக் கோழிகளைப் பிரித்து, பாதிக்கு இரை போட்டு, பாதியைப் பட்டினி போட்டு, மறுபடியும் கணக்குப் பார்த்தேன். பட்டினி கிடந்தவற்றில் மட்டும் சரிந்திருந்தது; இரை தின்ற கிழவிகளின் ஈரலில் அந்தப் புரதக் கூட்டம் அசையாமல் அப்படியே இருந்தது.

கருத்தரங்கில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தேன். அவர் கடிகாரத்தைப் பற்றிக் கைவீசிப் பேசி முடித்தார். கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்து எழுந்தேன்.

"சார், அந்த வயசான கோழிகளுக்குக் கடைசியா எப்போ இரை போட்டாங்க?"

"உட்காரும்மா. இது சமையல் வகுப்பு இல்லை."

"கறி வியாபாரிகிட்ட வாங்கின கோழிங்க சார் அது."

பண்ணைக்காரர்கள் பக்கம் சலசலத்தது. "அட, பட்டினி போட்டா எனக்கே ஈரல் வேலை செய்யாதுங்களே!" என்று யாரோ கத்த, கூடம் முழுக்கச் சிரிப்பு. தலைமை தாங்கிய வெளியூர் விஞ்ஞானி மட்டும் சிரிக்கவில்லை. "கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்" என்றார்.

"விசாரித்துச் சொல்கிறேன்" என்றார் பேராசிரியர்.

"நான் விசாரிச்சுட்டேனுங்க" என்று மேடையேறி, புதுக் கணக்கைத் தலைவர் கையில் கொடுத்தேன். அவர் படித்து முடிக்கும்வரை பேராசிரியரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்த்திருந்தது. இனித்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே இனித்தது.

தேநீர் இடைவேளையில் என்னைத் தனியாக மறித்தார். குரல் பஞ்சாகியிருந்தது.

"கட்டுரை அச்சுக்குப் போயிடுச்சும்மா, நிறுத்த முடியாது. உன் பேரையும் போடச் சொல்லித் தந்தி கொடுத்துடறேன். உன் பேரே முதல்ல இருக்கட்டும்."

தப்புக்குக் கூட்டாளி தேடுகிறார்.

"வேண்டாங்க சார். அது முழுக்க உங்களுது."

"உன் பட்டம் என் கையெழுத்துல இருக்கு, மறந்துடாதே."

"தெரியுமுங்க."

அவர் கையெழுத்துப் போடவில்லை. வேறு கல்லூரி தேடி அலைந்ததில் ஒரு வருஷம் போனது. போகட்டும். அவர் கட்டுரை அச்சான ஆய்விதழ் வெளிவந்தபோது நூலகத்தில் எடுத்துப் பிரித்தேன். தலைப்புக்குக் கீழே அவர் பெயர் ஒற்றையாக நின்றது. வேறெந்தக் கட்டுரையையும் அவ்வளவு நிதானமாக, ஒரு வரி விடாமல் நான் ரசித்துப் படித்ததில்லை.