கல்லுக்குக் கட்டிய சேலை

எங்கள் ஊர் மலையடியில் இருக்கும் அரசுப் பூங்காவில் நுழைவுச்சீட்டு கொடுப்பது நான்தான். பூங்கா எப்படி உருவானது என்று கேட்பவர்களை அறிவிப்புப் பலகையைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தப் பலகையில் ஒரு வரி என் கைவேலை.

முன்பு அது வெறும் முள்காடு. அங்கே ஆடு மேய்த்தேன். பூங்கா வேலை தொடங்கியதும் முள் வெட்டும் கூலிக்குப் போனேன். காட்டின் நடுவே ஒரு கல்வட்டம் இருந்தது. பழங்காலத்தில் செத்தவர்களைப் புதைத்து, சுற்றிலும் பாறைகளை நட்டிருந்தார்கள். அத்தனை வருஷமும் அதற்குள் உட்கார்ந்துதான் மத்தியானக் கஞ்சி குடித்தேன். கீழே கிடப்பவர்கள் யாரோ எவரோ, ஆனாலும் எனக்கு அவர்கள் வேண்டியவர்கள்.

ஒருநாள் மேஸ்திரி அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டார். வண்டி நிறுத்துமிடமாம். மறுநாள் காலை ஜேசிபி வந்து கல்லைப் பெயர்த்துவிடுமாம்.

"அது சமாதிங்க. கோட்டை அங்கிட்டுத் தள்ளிப் போடுங்க" என்றேன்.

"பிளான்ல வெறுங்கல்லுன்னுதான் இருக்கு. ஒனக்கு எதுக்கு இந்த வேலை? போய் முள்ளை வெட்டு."

எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். மறுநாள் விடிந்ததும் போய், இருப்பதிலேயே உயரமான கல்லில் மஞ்சளைக் குழைத்து அப்பினேன். பெரிய குங்குமப் பொட்டு வைத்து, என் சிவப்புச் சேலையைச் சுற்றி, வேப்பிலையும் செருகினேன்.

ஜேசிபி ஓட்டுநர் விராலிமலைக்காரர். கல்லைப் பார்த்ததும் இறங்கிச் செருப்பைக் கழற்றினார்.

"ஆத்தா இருக்கிற எடத்துல நான் கை வைக்க மாட்டேங்க" என்றார்.

மேஸ்திரி என்னை முறைத்தார். நான் மும்முரமாக முள் வெட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குள் அவரே சூடம் வாங்கி வந்துவிட்டார். வண்டி நிறுத்துமிடம் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போனது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஊரே வந்து பொங்கல் வைத்தது.

தலைமுறை தலைமுறையாக மக்கள் இதை வழிபடுகிறார்கள் என்று பலகையில் எழுதியிருப்பது இந்தக் கல்லைப் பற்றித்தான். பொய்தான். திருத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் என் மகளுக்குக் காய்ச்சல் நாலு நாளாக இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குக் கிளம்பியவள் கல்வட்டத்தில் போய் நின்றேன். அது சாமி இல்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் கேட்டது கீழே இருப்பவர்களிடம்.

"ஒங்க எடத்த நான் காப்பாத்துனேன். எம் பிள்ளைய நீங்க பாத்துக்கங்க."