அமரர் சலூன்

கடைக்கு வெளியே தொங்கிய பலகையில் வேறு ஏதோ பெயர்தான் எழுதியிருந்தது. அதை யார் படித்தார்கள்? ஊர் முழுக்க அது அமரர் சலூன். “அமரர்கிட்ட தலையைக் கொடுத்துட்டு வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். அந்த அமரர் உள்ளே வாயில் சீப்பைக் கவ்விக்கொண்டு, கையில் கத்திரியோடு, குத்துக்கல்லாட்டம் நின்றிருப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள்தான் ஒரு நிமிஷம் ஆடிப்போவார்கள்.

பெயர் வந்த கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஊர் சிரித்தது. ஊருக்கு என்ன, பொழுது போக வேண்டாமா?

அப்பா வைத்துவிட்டுப் போன அந்தக் கடையில் அண்ணன், தம்பி இரண்டு பேருமே தொழில் பழகினார்கள். உலக யுத்தம் வந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். அண்ணன் போனார். கிளம்பிய அன்று காலையில் அவருக்கு முடி வெட்டிவிட்டதே தம்பிதான். “கப்பல் ஏத்துறதுக்கு முன்னால போட்டோ எடுப்பாங்களாம். அனுப்பி வைக்கிறேன், அம்மாகிட்ட காட்டு” என்று பிடரியைத் தடவிக்கொண்டே சொன்னார். போட்டோ வரவில்லை. செத்துப்போனார் என்ற தகவல் வந்தது. கொஞ்ச நாள் கழித்து, முகாமில் அவர் விட்டுப்போன பட்டாளக் கோட்டு ஒன்று மூட்டையாக வந்தது. உடம்பு எந்த மண்ணுக்குள் கிடக்கிறது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்ததும் நகராட்சிக்கு ஒரு யோசனை உதித்தது. செத்த பையன்களின் படங்களைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, நகர மண்டபத்தில் மாட்டுவது. நல்ல யோசனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் வீடு வீடாக வந்த குமாஸ்தா இருக்கிறானே, அவனுக்கு நாக்கில் நரம்பே கிடையாது. “படம் இல்லைன்னா வெறும் சட்டம்தான் மாட்டுவோம். கீழே பேர் எழுதிடுவோம்” என்றான், ஏதோ கதவுக்குக் கொக்கி மாட்டுகிற மாதிரி.

“எம் பிள்ளைக்கு மட்டும் வெறும் சட்டமா?” என்று அம்மா அன்று முழுக்க அடுப்பே பற்றவைக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் படம் எடுத்ததில்லை. அதற்கெல்லாம் வசதிப்பட்ட வீடா அது?

வழி சொன்னவர் ஸ்டூடியோக்காரர். “தம்பியும் அண்ணனும் ஒரே அச்சுதானே? அந்தக் கோட்டைப் போட்டு இவனை உட்கார வைங்க. நான் பார்த்துக்கறேன்.”

ஒரே அச்செல்லாம் இல்லை. அண்ணனுக்கு அகன்ற முகம், வாய் கொள்ளாத சிரிப்பு. தம்பி அப்போது ஒட்டிய கன்னமும் முழிக்கிற கண்ணுமாக இருந்த பொடியன். அம்மாவுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சம்மதித்தாள். “ஊர் பார்க்கிறதுக்கு ஒரு படம் வேணும், அவ்வளவுதான். எது யாருன்னு பெத்தவளுக்குத் தெரியாதா?” என்றாள். தம்பி தோளில் நிற்காத கோட்டை மாட்டிக்கொண்டு, ஸ்டூடியோக்காரர் சொன்னபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஒரு மூச்சில் செத்தவரானார்.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் நினைவு நாள். நகராட்சித் தலைவர் பெயர்களை வாசிப்பார். எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காப்பார்கள். முன்வரிசையில் அம்மா, பக்கத்தில் இவர், நேர் மேலே சுவரில் இவரே. ஒரு தடவை புதிதாக வந்த தலைவர் படத்தைப் பார்த்து, இவரைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்து, நாக்குக் குழறி வேறு எவனுடைய பெயரையோ விட்டுவிட்டார். அந்தப் பையனின் தகப்பன் அங்கேயே சண்டைக்கு நின்றார். மறுநாள் முதல் இவருக்கு அமரர் என்ற பட்டம் நிலைத்துவிட்டது. இவரும் கோபித்துக்கொள்ளவில்லை. “செத்தவன் கை, சவரம் குளிர்ச்சியா இருக்கும், உட்காரு” என்பார்.

வெளியே அப்படிப் பேசினாலும் வீட்டுக்குள் சங்கதி வேறாகத்தான் இருந்தது. அந்தப் படத்தின் பிரதி ஒன்றை அம்மா தன் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்தாள். காலையில் கண் விழித்ததும் அதன் முகத்தில் விழிப்பாள். அதோடு பேசுவாள். முதலில் ஏதோ ஆறுதலுக்குப் பேசுகிறாள் என்றுதான் இவர் நினைத்தார். வருஷங்கள் போகப்போக அவள் பேச்சு மாறியது. “உங்கண்ணன் கண்ணைப் பாரு, என்ன களை! உனக்கு ஏன்டா அது வாய்க்கலை?” என்று கேட்க ஆரம்பித்தாள். இவருக்குக் கல்யாணமாகி வந்த மனைவி, புருஷன் முகம் மாமியார் அறையில் செத்தவர் படமாகத் தொங்குவதைக் கண்டு முகம் வெளுத்தாள். “அந்த ரூம் பக்கம் நான் படுக்க மாட்டேன்” என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரே ஒரு தடவை இவர் வாய் விட்டுச் சொன்னார். “அம்மா, அது என் கண்ணுதாம்மா.”

அம்மா சத்தம் போடவில்லை. “அவன் போனதுலேருந்து அவன் சட்டை, அவன் கட்டில், அவன் கடை எல்லாம் உனக்குத்தான். மூஞ்சியும் வேணுமா?” என்று மட்டும் கேட்டாள். இவர் சாதத்தைப் பாதியில் விட்டு எழுந்து கையைக் கழுவினார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

அம்மாவைக் குற்றம் சொல்லி என்ன? இவருக்கே அண்ணன் முகம் போய்விட்டது. அண்ணன் குரல் நினைவிருந்தது. கத்திரி பட்டால் கூசுகிற அந்தப் பிடரி நினைவிருந்தது. முகத்தை நினைத்தால் கோட்டுப் போட்ட தன் மூஞ்சிதான் வந்து நிற்கும். நாளெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற தொழில் வேறு. ஊரார் தலைக்கு மேலே தன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இவர் பார்வையைக் கத்திரிக்குத் தாழ்த்திக்கொள்வார். அண்ணனைக் கொன்றது யுத்தம், துடைத்தது நான் என்று ஒரு நாள் மனைவியிடம் சொல்லி அழுதார். அம்மா போய்ச் சேருவதற்குள் அண்ணனின் நிஜ முகத்தை ஒரு தடவையாவது அவளுக்குக் காட்டிவிட வேண்டும். வேறு ஆசை என்று அவருக்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அம்மா படுத்த படுக்கையானாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். உடம்புதான் ஓய்ந்ததே தவிர, அறிவு கொஞ்சமும் மங்கவில்லை. பால்காரன் தண்ணீர் கலந்தால் படுத்தபடியே கண்டுபிடித்துத் திட்டுவாள்.

அந்த வாரம்தான் காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிற ஒரு வெளியூர்க்காரர் சலூனுக்குள் வந்தார். வாசலில் நின்று இவர் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

“மண்டபத்துப் படத்துல இருக்கிறது நீங்கதானே?”

“ஆமா. என்ன, பயந்துட்டீங்களா?”

“பயப்படலை. சண்டை போட்டுட்டு வர்றேன். பேரு எங்க ஆளு பேரு, மூஞ்சி எவன் மூஞ்சியோன்னு வாட்ச்மேனைப் பிடிச்சு உலுக்கிட்டேன். போய் அமரரைக் கேளுங்கன்னுட்டான்.” வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நானும் உங்கண்ணனும் ஒரே கூடாரம்.”

இவர் பாதி விரித்த சவரக்கத்தியை மடக்கி வைத்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். வந்தவர் ஒன்றும் திட்டவில்லை. பைக்குள் கையை விட்டு, துணியில் சுற்றியிருந்த ஒரு படத்தை எடுத்தார். கப்பலேறும் முன் பட்டாளத்துக் கம்பெனி மொத்தத்தையும் நிற்க வைத்து எடுத்தது. “எனக்குக் கிடைச்சது இது ஒண்ணுதான். செத்தவங்க வீட்டுல ஒவ்வொருத்தருக்கா காட்டிட்டு வர்றேன். இந்தா, இவன்தான்.”

இரண்டாம் வரிசையில், வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி ஒருவன். பார்த்த மாத்திரத்தில் இவருக்கு எல்லாம் வந்துவிட்டது. அந்தக் கன்னம், அந்த வாய், சோப்பு நுரையை இவர் மூக்கில் தடவிவிட்டு அந்தச் சிரிப்புச் சிரித்தது. “அண்ணன்” என்றார். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, ஐம்பதைத் தாண்டிய மனிதர், துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். காத்திருந்தவர்கள் சத்தம் காட்டாமல் எழுந்து வெளியே போனார்கள். அன்று யாரும் கேலி செய்யவில்லை.

“இதைப் பெரிசு பண்ணி மண்டபத்துல மாட்டச் சொல்லணும். என் படத்தை இறக்கிடணும்” என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “அதுக்கு முன்னால அம்மா பார்க்கணும். ஒரு மணி நேரம் குடுங்க, கொண்டு வந்துடுறேன்.” பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

அம்மாவைத் தூக்கித் தலையணையில் சாய்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டார். இதுதான் அண்ணன் என்று முன்கூட்டியே சொல்ல அவருக்கு மனமில்லை. அவளே கண்டுபிடித்து, அவள் வாயாலேயே பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். படத்தை அவள் முகத்தருகே பிடித்து, அந்தச் சிரிக்கிற முகத்துக்குக் கீழே விரலை வைத்தார்.

“பட்டாளத்துப் படம். இது யாருன்னு பாரும்மா.”

அம்மா பார்த்தாள். அவசரப்படாமல் நன்றாகவே பார்த்தாள். இவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னமா சிரிக்கிறான்” என்றாள் அம்மா. “யார் பெத்த பிள்ளையோ, பாவம். இவனும் திரும்பி வரலையா?”

“வரலைம்மா.”

“உங்கண்ணன் இதுல எங்க?”

சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். இத்தனை வருஷம் எந்த முகத்தோடு பேசித் தேற்றிக்கொண்டாளோ, அதைச் சாகப்போகும் நேரத்தில் பிடுங்குவதா? அவருக்குத் துணிவு வரவில்லை.

“அண்ணன் இதுல இல்லைம்மா. அன்னைக்கு வேற வேலைக்குப் போயிருந்தானாம்.”

அம்மா தலையை ஆட்டினாள். படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், என்ன தோன்றியதோ, மறுபடி அந்த முகத்தைப் பார்த்தாள்.

“இவன் அம்மா இருக்காளா?”

“இருக்காங்கம்மா.”

“அப்புறம் இதை எதுக்கு என்கிட்ட நீட்டிக்கிட்டு இருக்கே? அவகிட்ட கொண்டு போய்க் குடுடா. கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துக்கட்டும்.”

“சரிம்மா” என்றார் அவர்.