நிக்காஹ் சபையில் நான் சொன்ன "இல்ல"

காது மெஷின் வித்த கடைக்காரன் வாய் நிறையச் சொன்னான், "ஹாஜியார், போனில வாற சத்தம் நேரா உங்கட காதுக்குள்ள வரும்" எண்டு. வரும்தான். அது வந்தா வேற ஒரு சத்தமும் வராது எண்டத அவன் சொல்லவேயில்ல. கட்டார்ல இருக்கிற மகன் கோல் எடுத்தா பாதியில அறுந்திரும். அடுத்த அறையில பேரன் எண்ட போன நோண்டினா, காட்டூன் எண்ட மண்டைக்குள்ள கத்தும். அதையெல்லாம் பொறுத்துக்கிட்டுத்தான் இருந்தன்.

மகளிட நிக்காஹ் அண்டைக்கு அது எண்ட மானத்தையே வாங்கிப் போட்டுது.

பள்ளிவாசல்ல பதிவுகார மௌலவிக்கு முன்னால நானும் மாப்பிள்ளையும் இருந்தம். கட்டார் மகன் பாக்கட்டும் எண்டு எண்ட போன்ல வீடியோக் கோலப் போட்டு எண்ட தம்பிட கையில குடுத்திருந்தன். மௌலவி என்னப் பாத்து வாயசைக்கிறார். காதுக்குள்ள மகன்ட சத்தம் மட்டுந்தான்: "வாப்பா, எண்ட முகம் தெரியுதா?" போன் தம்பிட்ட, எனக்கு எப்பிடித் தெரியிற? "இல்ல" எண்டன்.

பள்ளியில இருந்த எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க. மகள இந்த மாப்பிள்ளைக்குக் குடுக்கச் சம்மதமா எண்டுதான் மௌலவி கேட்டாராம்! மாப்பிள்ளைட வாப்பாட முகம் கறுத்துப் போச்சி.

அந்த நேரம் பாத்துத்தான் லைன் அறுந்திச்சி. பள்ளிச் சத்தம் காதுக்குத் திரும்பி வந்திச்சி. முதல்ல கேட்டது தம்பிட பேச்சு: "எண்ட காக்காக்குக் காது கேக்காது மௌலவி, அவருக்குப் பதிலா நான் வலியா, வாப்பாட இடத்தில நிண்டு பிள்ளையக் குடுக்கிறன்."

யா அல்லாஹ், வாப்பா நான் முன்னால குந்திக்கிட்டிருக்க, எண்ட மகள இவன் குடுக்கிறானாம்! அதுக்கு நாலு பேர் ஓம் ஓம் எண்டு தலையாட்டுறானுகள். காது போனா வாப்பா எண்ட உரிமையும் போயிருமா?

மகன் திருப்பி எடுத்திருவான் எண்டு ரெண்டு மெஷினையும் கழட்டி சட்டைப் பைக்குள்ள போட்டன். "நான் இன்னும் மௌத்தாகல்லடா, உசிரோடதான் இருக்கன்!" எண்டு தம்பியப் பாத்துக் கத்தினன். மௌலவி பாவம், எழும்பி வந்து எண்ட காதடியில ஒவ்வொரு சொல்லாச் சொன்னார். மாப்பிள்ளைட கையப் புடிச்சிக்கிட்டு, எண்ட மகள உங்களுக்கு நிக்காஹ் முடிச்சித் தந்தன் எண்டு நானே சொன்னன்.

ஏத்துக்கிட்டன் எண்டு கபூல் சொல்ல மாப்பிள்ளை வாயசைச்சார். சபை துஆவுக்குக் கையேந்திச்சி.

"நில்லுங்க! எனக்குக் கேக்கல்ல."

முடிஞ்சிது எண்டு தம்பி கையால காட்டினான்.

"உனக்குக் கேட்டாப் போதுமா? குடுத்தவன் நான்."

மாப்பிள்ளை கிட்ட வந்தார். எண்ட காதில வாய வச்சி, பள்ளி முழுக்கக் கேக்கிற மாதிரி, "கபூல் செய்தன் மாமா" எண்டார்.