கன்னி மூலைச் சுவர்

அரியலூரில் அப்பா கட்டிய வீட்டை விற்பதென்று அம்மா முடிவு செய்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி நான் பெரம்பலூரில் குடியிருந்தேன். செய்தி வந்ததும், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏறினேன். மேடு வந்தால் இறங்கி நடக்கச் சொல்லும் பஸ் அது. மூக்கெல்லாம் புகையோடு போய்ச் சேர்ந்தேன்.

அப்பாவுக்குக் காசநோய். பட்டணத்துப் பக்கம் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, அடைமழைக்கு முன்னால் அங்கே சேர்த்துவிட்டால் பிழைக்க வழியுண்டு என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார். நிலம் என் கல்யாணத்தோடு போய்விட்டது. வீடு மட்டும்தான் மிச்சம். அது விலைபோனால் அப்பா பிழைப்பார். எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

வீட்டில் ஒரு விரிசல் இருந்தது. எங்கள் ஊர்க் களிமண் வெயிலில் வாய் பிளக்கும், மழையில் உப்பும். அதன்மேல் நிற்கிற வீடுகளில் விரிசல் இல்லாத வீடு எது? ஆனால் எங்களுடையது விழக்கூடாத இடத்தில் விழுந்திருந்தது. தென்மேற்கு மூலையில், உத்தரத்துக்குக் கீழே தொடங்கி விளக்கு மாடம் வரைக்கும். கன்னி மூலை பிளந்தால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாது என்பார்கள். அந்த அறையில்தான் அப்பா கட்டிலில் படுத்து இருமிக்கொண்டிருந்தார்.

வீடு வாங்க வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், கட்டிலைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். அம்மா கொடுத்த மோரைக்கூடத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். வீடு ஆளைத் தின்கிறது என்று கடைத்தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது.  காசம் வீட்டுக்கு வீடு இருந்த காலம் அது. அத்தனை வீட்டிலுமா கன்னி மூலை பிளந்திருந்தது?

அப்பா மட்டும் சிரிப்பார். "அடப் போங்கடி, இந்தச் செவுத்துக்கு ஒண்ணும் ஆவாது. எனக்கப்புறமும் நிக்கும் பாரு" என்பார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

கடைசியில் பாடாலூரிலிருந்து ஒரு கடலை வியாபாரி வந்தார். நிதானமான மனுஷர். வரும்போதே ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அப்பா, நாங்கள் சொல்லாமலே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லையிலிருந்த மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். "நான் இல்லாட்டி வூடு நல்லாத் தெரியும்" என்றார். மாடு இல்லாத கொட்டகை. பழைய வைக்கோலை உதறிப் போட்டு உட்காரவைத்துவிட்டு வந்தேன். தன் வீட்டுக்குள் இருக்க அவருக்கு இடமில்லாமல் போயிற்று.

கொத்தனார் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டார். பிறகு சுண்ணாம்பு குழைத்து, வீக்கத்துக்குப் பத்துப் போடுகிற மாதிரி விரிசலின் குறுக்கே அங்கங்கே அப்பினார். "ஒரு மழை தாண்டட்டுங்க. செவுரு நகந்தா இந்தச் சுண்ணாம்பு விரிஞ்சிடும். விரியலேன்னா பயமில்லே" என்றார்.

மழை வரைக்கும் பொறுக்க எங்களால் முடியாது. அம்மா வியாபாரியிடம் கெஞ்சினாள். அவருக்கும் மனம் இளகியது போலத்தான் இருந்தது. சம்சாரத்தைக் கூட்டி வந்து காட்டிவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார். சொன்னபடி மறுவாரமே வந்தார்கள். அப்பா அன்றைக்கும் கொட்டகைக்குப் போய்விட்டார். அந்த அம்மாளுக்கு அடுக்களை பிடித்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து நல்ல ருசி என்றாள். பிறகு, "ஐயா எங்கேங்க?" என்று கேட்டாள்.

"பெரம்பலூருக்கு, மவ வூட்டுக்குப் போயிருக்காருங்க" என்றாள் அம்மா.

மகளான நான் சொம்பும் கையுமாக அங்கேயே நிற்கிறேன்! பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் அம்மா. அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். அதே சமயம் கொட்டகையில் இருமல் தொடங்கியது. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் உடைத்துக்கொண்டு வருகிற இருமல்.

"ஐயா உடம்பு தேறட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று வியாபாரி துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"தேறுறதுக்குத்தானேங்க விக்கிறோம்!" என்று கத்திவிட்டேன். தெருவே கேட்டிருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஊற்றித் தள்ளியது. கார்த்திகையில் அப்பா போய்விட்டார், அதே கட்டிலில், அதே மூலையில்.

கருமாதி முடிந்த கையோடு வியாபாரி வந்தார். கூடவே கொத்தனார். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். விசாரிக்கவும் செய்தார்கள். பிறகு வியாபாரி அம்மாவிடம், கொஞ்சம் தயங்கி, "தப்பா நெனைக்காதீங்க அக்கா. வூடு எடுத்துக்க வேண்டியதை எடுத்துக்கிடுச்சு. இனிமே தோஷம் இல்லே. நான் வாங்கிக்கிறேன்" என்றார். ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் காலடியில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொத்தனாரைப் பார்த்து, "சுண்ணாம்பு விரிஞ்சிருக்கா, பாருங்க" என்றாள்.

அவர் உள்ளே போய் விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார். "மயிரிழைகூட விரியலீங்கம்மா. செவுரு கல்லாட்டம் நிக்குது."

வீட்டை வியாபாரிக்கே கொடுத்தோம். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு நான் எப்படிப் பெரம்பலூர் போவது? என்னோடு கூட்டிக்கொண்டு கிளம்பினேன். சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டுத் தேடினால் அம்மாவைக் காணவில்லை. கட்டில் இல்லாத அறையில் சுவரோரம் நின்று, அந்தச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நகம் உடைந்து விரலில் ரத்தம். சுண்ணாம்பு பெயரவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நல்லாத்தான்டி இருந்திருக்கு" என்றாள். "ஒங்கப்பா அப்பவே சொன்னாரே, நல்லாத்தான் இருந்திருக்கு."