எவாந்தியா வீட்டுப் பெயர்நாள்

அன்று காலை முற்றத்துச் சுவருக்கு மேலாக நடந்த பேச்சை லெமோனியா மறக்கவில்லை. அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பொலிக்செனிதான் ஆரம்பித்தாள்.

“சீமைமாதுளை இனிப்பு கிண்டுற வாசனை தெருக்கோடி வரைக்கும் வருது, எவாந்தியா. இந்த வருஷமுமா?”

“ஸ்த்ராத்திஸோட பெயர்நாள் வருஷா வருஷம் வரத்தானே செய்யுது,” என்றாள் பக்கத்து வீட்டு எவாந்தியா.

“அவர்தான் தீவுச் சிறையில இருக்காரே. யாரு வந்து திங்கப்போறா?”

“கதவைத் திறந்து வைக்கிறது என் வேலை. வர்றதும் வராததும் அவங்கவங்க இஷ்டம்.”

“அரசாங்கத்துக்கு எதிரானவர் இல்லைன்னு போலீஸ் குடுத்த சான்றிதழ் இருக்கிறதாலதான் சிமெண்ட் ஆலையில எங்க வீட்டுக்காரரை வச்சிருக்காங்க. நான் உன் வாசப்படி ஏறினா...”

“உன்னை நான் கூப்பிட்டேனா?”

“கூப்பிட மாட்டே. அதுதான் கஷ்டமா இருக்கு,” என்று பொலிக்செனி உள்ளே போய்விட்டாள்.

ஒருவர் எந்தப் புனிதரின் பெயரைத் தாங்கியிருக்கிறாரோ, அந்தப் புனிதரின் திருநாள்தான் அவருடைய பெயர்நாள். அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருந்தால் போய் வாழ்த்திவிட்டு ஒரு கரண்டி இனிப்பு சாப்பிட வேண்டியதுதான். சாத்தியிருந்தால் அந்த வீட்டில் துக்கம் என்று அர்த்தம். எவாந்தியா சாத்த மறுத்தாள்.

ஸ்மிர்னா நகரம் எரிந்தபோது கைக்குழந்தையாக அகதிக் கப்பலில் வந்தவள் அவள். பாவாடை தடுக்கும் வயதிலேயே கம்பள ஆலைக்குப் போனாள், இன்னும் போய்க்கொண்டிருந்தாள். செருப்புத் தொழிலாளர் சங்கத்திலிருந்த கணவன் ஸ்த்ராத்திஸைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பிறகு தெருவில் பலர் அவளைப் பார்த்தால் தலையை மட்டும் அசைத்தார்கள். அகதிகளுக்குக் கட்டிய கொக்கினியா குடியிருப்பின் வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். நடுவே ஒரு பலகைச் சுவர்தான். ஈஸ்டருக்கு முன்சுவரில் வெள்ளையடிக்கும்போது எவாந்தியா தன் எல்லையில் நிறுத்தமாட்டாள். பொலிக்செனியின் பக்கமும் ஒரு சாண் அடித்துவிடுவாள். “கோடு போட்டு நிறுத்தினா சண்டைக்காரங்க வீடு மாதிரி இருக்கும்,” என்பாள்.

போன இரண்டு வருடமும் அவள் சாயங்காலம் கண்ணாடித் தம்ளர்களை அடுக்குவதும், விளக்கேற்றி வெகுநேரம் கழித்து அவற்றை அப்படியே எடுத்து வைப்பதும் பலகை வழியே லெமோனியாவுக்குக் கேட்டன. இந்த வருடமும் தம்ளர் சத்தம் கேட்டது. கூடவே, கனத்த பூட்ஸ் சத்தமும்.

“நீடூழி வாழ்க, அம்மா. கதவு திறந்திருந்தது, வந்தேன்.”

லெமோனியா ஜன்னலுக்கு ஓடினாள். வாசலில் போலீஸ் தொப்பி. அந்த வாரம்தான் மாற்றலாகி வந்த இளம் கான்ஸ்டபிள்.

“உட்காருப்பா. எந்த ஊரு?” என்றாள் எவாந்தியா.

“லெஸ்போஸ் தீவு. எங்க ஊர்ல இன்னிக்குப் பெரிய திருநாள். இங்க ஒருத்தரையும் தெரியாது.” கரண்டி தட்டில் உரசியது. “பெயர்க்காரரைக் காணோமே?”

“தீவுல இருக்கார்.”

“மாலுமியா?”

“இல்லை. உங்க ஆளுங்கதான் மூணு வருஷமா வச்சிருக்காங்க.”

கரண்டிச் சத்தம் நின்றது. லெமோனியா பலகையில் காதை அழுத்தினாள். பிறகு கரண்டி மெல்ல மறுபடி உரசியது. வைத்த இனிப்பைப் பாதியில் விட்டு எழுந்தால் வீட்டுக்கு அவமானம். அவனை வளர்த்தவர்கள் அதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

“நல்லபடியா திரும்பி வரட்டும்மா,” என்று அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு, தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விறுவிறுவென்று போனான்.

தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் எதிர்வீட்டு முடிதிருத்துபவரின் மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். “போலீஸே தின்னுட்டுப் போகுது. எனக்கு மட்டும் தொண்டையில அடைக்குமா?” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு எவாந்தியா வீட்டுக்குள் நுழைந்தாள். அடுத்து ரொட்டிக்கடைக்காரர் வந்தார். அப்புறம் கூட்டமாக வந்தார்கள். பொலிக்செனி மட்டும் ஈரக்கையோடு ஜன்னலருகே நின்றாள். போகவும் இல்லை, அங்கிருந்து நகரவும் இல்லை.

பலகையில் தட்டும் சத்தம் கேட்டது.

“லெமோனியா, கரண்டி பத்தலைடி. உங்க வீட்டுக் கரண்டியெல்லாம் எடுத்துட்டு வா. முற்றத்துச் சுவர் மேல நீட்டாதே, வாசல் வழியா வா. உங்கம்மாவையும் கையைத் துடைச்சிட்டு வரச் சொல்லு.”